வியர்வையறியும் துணியும் வியர்வை சிந்தும் தொழிலாளரும்

துணிக்கும் அறிவு வந்துவிட்டதென்று உலகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. உடம்பில் வியர்வை ஊறினால் தானே வாய் திறந்து காற்றை உள்ளே விடும் சட்டை, வியர்வை உலர்ந்தால் தானே வாயை மூடிக்கொள்ளும் சட்டை என்று விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகச் செய்து காட்டி வருகிறார்கள். பந்தய வீரருக்கு, மலையேறுவோருக்கு, போர் வீரருக்கு இவை பயன்படுமென்று சொல்லப்படுகிறது. பால்மரத் தொழிலாளியின் பெயரை அந்தப் பட்டியலில் நாம் காணவில்லை.

ஆனபோதிலும், இது நமக்குச் சம்பந்தமில்லாத சேதியென்று நம் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அந்த அதிசயத் துணிகளில் பெயர் பெற்ற ஒன்று ரப்பர்ப் பாலினால் ஆனது. மேலும், வியர்வையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இந்நாட்டில் நம்மைவிட உரிமை படைத்தவர் யார்?

பாகான் டாலாம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். செபராங் பிறையில் ஒரு காலத்தில் கரும்பும், அதன்பின் ரப்பரும் நின்ற நிலங்களில் இன்று எண்ணெய்ப் பனையும் வீடமைப்புகளும் ஆலைகளும் எழும்பிவிட்டன. நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டன் பால்மரம் சீவினார். தகப்பன் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ உழைத்தார். பிள்ளைகள் மாக் மண்டினுக்கும் பிறைக்கும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்தில் நிற்பவர்களோ இன்னும் இருட்டில் எழுந்து நிரைக்குப் போகிறார்கள். வேலை மாறினாலும் முதுகில் ஒட்டும் சட்டை ஒன்றுதான். துணித் தொழிலும் இப்பகுதிக்கு அந்நியமன்று. 1970களிலிருந்து ஜப்பானின் தோரே குழுமம் பினாங்கில் செயற்கை இழையும் துணியும் செய்யும் ஆலைகளை நடத்தி வந்திருக்கிறது. ஆகவே துணியும் ஈரமும் வியர்வையும் நம் வீட்டுச் சங்கதிகளே.

மழைக்கோட்டிலிருந்து தொடங்கிய கதை

ரப்பருக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. 1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ் என்பவர் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழை நுழையாத துணி செய்வதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அப்போது மலாயாவில் ரப்பர் மரமே கிடையாது; 1877-இல்தான் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. மேக்கின்டாஷின் கோட்டு மழையைத் தடுத்தது மெய். ஆனால் உள்ளேயிருந்து வரும் வியர்வையையும் அது வெளியே விடவில்லை. மழைநாளில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒட்டுப்பால் பொறுக்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோட்டைக் கழற்றும்போது வெளியே எவ்வளவு ஈரமோ உள்ளேயும் அவ்வளவு ஈரம்.

மழையை நிறுத்த வேண்டும், வியர்வையைப் போக விட வேண்டும் என்பதே அன்று முதல் துணி விஞ்ஞானத்தின் முன்னுள்ள கேள்வி. இரண்டாம் உலகப் போரில் இதற்கு ஓர் அருமையான பதில் கிடைத்தது. குளிர்க்கடலில் விழும் பிரிட்டிஷ் விமானிகள் சிறிது நேரத்திலேயே விறைத்து இறந்தார்கள். மான்செஸ்டரிலிருந்த ஷெர்லி ஆராய்ச்சி நிலையத்தார் நீண்ட இழையுடைய உயர்ந்த பருத்தியை மிக நெருக்கமாக நெய்து ஒரு துணி செய்தார்கள். அதற்கு வென்டைல் என்று பெயர். உலர்ந்திருக்கும்போது அதன் நூல்களுக்கிடையே காற்றும் வியர்வை ஆவியும் போய்வரும். தண்ணீர் பட்டதும் பருத்தி இழை பருத்து, நூலோடு நூல் நெருங்கி, கண்களை அடைத்துவிடும். பஞ்சின் இயற்கைக் குணத்தை அறிந்து நெய்ததுதான் அதிலுள்ள சாமர்த்தியம்.

ஒவ்வோர் இழைக்கும் ஈரத்தோடு ஒரு கணக்கு உண்டு. உலர்ந்த பருத்தி 100 கிராம் இருந்தால், சாதாரணக் காற்றிலிருந்தே ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கம்பளி அதைப்போல் இருமடங்கு இழுக்கும். பாலியஸ்டரோ அரை கிராம்கூட இழுப்பதில்லை. அதனால்தான் பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனத்து, உலர நேரம் பிடிக்கிறது. பாலியஸ்டர்ச் சட்டை விரைவில் உலர்ந்தாலும், வியர்வை பெருகும் வேளையில் உடம்பில் பிசுபிசுக்கிறது. பருத்திக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: நனைந்தால் அதன் வலு கூடும். ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் பக்கம் டோபிகாட்டில் தலைமுறை தலைமுறையாகத் துணியை நனைத்து அடித்துத் துவைத்த நம் மக்கள் இதைக் கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

ரப்பர்க் காயும் புதிய சட்டையும்

இனிப் புதிய துணிக்கு வருவோம். ரப்பர்க் காய் வெயிலில் உலர்ந்து 'படார்' என்று வெடித்து விதையைத் தூர எறிவதை அறியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை. காயின் ஓட்டிலுள்ள அடுக்குகள் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. ஒன்று அதிகம் சுருங்க, மற்றொன்று எதிர்த்து நிற்க, இழுவிசை முற்றி ஓடு பிளந்துவிடுகிறது. குளிர்நாட்டுப் பைன் மரத்தின் கூம்பும் இப்படித்தான் வறட்சியில் விரிந்து ஈரத்தில் மூடிக்கொள்கிறது. ஈரத்தினால் நீளும் பொருளையும் நீளாத பொருளையும் ஒன்றாக ஒட்டினால், ஈரம் மாறும்போது அந்த இரட்டைத் தகடு தானே வளையும். மோட்டார் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2017-ஆம் ஆண்டு இந்தத் தத்துவத்தைச் சட்டையில் வைத்துக் காட்டினார்கள். நோய் செய்யாத ஒருவகைக் கோலை நுண்ணுயிரை ரப்பர்ப் பால் தகட்டின்மேல் வரிவரியாக அச்சிட்டார்கள். நுண்ணுயிர் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ரப்பரோ ஈரத்தைச் சட்டை செய்வதில்லை. ஆகவே தகடு ஈரத்துக்கு ஏற்ப வளைந்தும் நிமிர்ந்தும் கொடுத்தது. இப்படிப்பட்ட சிறு சிறு மடல்களை ஓட்டப் பயிற்சிச் சட்டையின் முதுகில், எங்கே அதிகம் வியர்க்குமோ அங்கே அதிகமாக வைத்தார்கள். சட்டை போட்டவர்கள் பயிற்சி செய்யத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் மடல்கள் திறந்தனவாம். 2019-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழி கண்டார்கள். ஈரத்தை விரும்பும் பொருளும் ஈரத்தை வெறுக்கும் பொருளும் சேர்ந்த இழையில் மெல்லிய கரிப்பூச்சுக் கொடுத்து நெய்தார்கள். உடம்பு வியர்த்தால் இழைகள் நெருங்கி, உடம்பின் வெப்பக் கதிரை அதிகமாக வெளியே விடுகின்றன; குளிர்ந்தால் விலகி வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன.

இவற்றைப் பாராட்ட வேண்டியதே. மனித மூளையின் வெற்றி எதுவாயினும் அது மனித குலத்தின் சொத்து. ஆயினும் ஒரு துணி நல்லதா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டால் ஒரு பதில் வரும். பால்மரத்தடியில் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். நாம் மரத்தடியில் நின்று கேட்கிறோம்.

மரத்தடியில் நின்று கேட்கும் கேள்விகள்

முதலாவது, பால். மரம் சீவுவோரின் சட்டை இரண்டு வாரத்தில் என்ன ஆகுமென்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போதும் வாளியைத் தூக்கி வரும்போதும் தெறிக்கும் பால் துணியில் பட்டு உறைந்து, எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாத கறையாகி விடுகிறது. அந்த இடத்தில் துணி அட்டை போல் விறைத்துப் போகும். நுண்ணிய மடலும் நுண்ணிய கண்ணும் உள்ள துணியில் அப்பால் பட்டால் மடல் ஒட்டிக்கொள்ளும், கண் அடைபடும். ரப்பர்ப் பாலினால் செய்த துணியை ரப்பர்ப் பாலே கெடுக்கும் என்பது வேடிக்கையான உண்மை.

இரண்டாவது, உழைப்பு. அந்த அமெரிக்கத் தகட்டை 100 முறை நனைத்து உலர்த்தியும் பெரிய பழுதில்லை என்று அறிவித்தார்கள். பந்தயச் சட்டைக்கு 100 முறை நீண்ட ஆயுளாக இருக்கலாம். தினமும் நனைந்து, தினமும் துவைபட்டு, தினமும் கொடியில் காயும் தொழிலாளியின் சட்டைக்கு அது நான்கு மாதக் கணக்கு. ஐந்தாம் மாதம் என்ன ஆகும்?

மூன்றாவது, நம் காற்று. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகிப் போனால் உடம்பிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை அது கொண்டு போகும். வீட்டுக் குழாய்த் தண்ணீரை எட்டு லிட்டர் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் அது! வெயிலில் கடுமையாக உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்ப்பதுண்டு. ஆனால் வியர்வை ஆவியானால்தான் இந்தப் பலன். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை, தாகந்தான் மிச்சம். பினாங்கிலோ காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. விடியற்காலையில் தோட்டத்துக்குள் காற்று தண்ணீரைக் குடித்து வயிறு நிறைந்து நிற்கும். அந்த நேரத்தில் சட்டையின் சன்னல் எத்தனை திறந்தாலும் வெளியே இருக்கும் காற்று வியர்வையை வாங்கிக்கொள்ள மறுக்கும். குளிர்ந்த வறண்ட நாட்டில் சோதித்த துணி இங்கே அதே வேலையைச் செய்யுமென்று நம்ப இடமில்லை.

ஏன் அந்த விடியற்காலையில் போகிறோம்? வெயிலுக்குப் பயந்து மட்டும் போகவில்லை. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் மரத்தின் பால்குழாய்கள் விம்மி நிற்கும் நேரம் அது; வெட்டினால் பால் நன்றாய் ஓடும். வெயில் ஏறி இலை வழியே நீர் ஆவியாகப் போகத் தொடங்கினால் உள்ளழுத்தம் தளர்ந்து பால் குறையும். மரத்தின் ஈரக் கணக்குக்கு ஏற்ப நம் வேலை நேரம் அமைந்திருக்கிறது. மரத்துக்குக் காட்டும் இந்த மரியாதையை மனித உடம்புக்கும் காட்டுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் பாரதூரமானது. அது மருந்தடிக்கும் பெண்களைப் பற்றியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள் நம் நன்றிக்குரியவர்கள். மற்ற மருந்துகள் இருக்கவே செய்கின்றன. காப்புடை போடவில்லை என்று தொழிலாளரைக் குறை கூறுவது நிர்வாகங்களின் பழைய வழக்கம். காற்றுப் புகாத உடைக்குள் இந்தச் சீதோஷ்ணத்தில் முதுகில் மருந்துக் கலனைச் சுமந்து ஒரு மணி நேரம் நடந்து பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். வெந்து நனைந்த தோலில் மருந்து இன்னும் எளிதாக ஊறும் என்பதும் அறிந்த விஷயமே. அப்படியானால் தானே திறக்கும் சட்டையைக் கொடுக்கலாமே என்று யாரேனும் சொன்னால், அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வியர்வைக்குத் திறக்கும் மடல் மருந்துத் துளிக்கும் திறந்துதான் இருக்கும். மழையையும் வெயிலையும் மட்டும் சந்திப்பவருக்கு நன்மையாகும் துணி, மருந்தடிப்பவருக்குத் தீமையாகலாம். இந்த வேற்றுமையை அறிந்து வேலைக்கு ஏற்ற உடையை ஆராய்வதே விஞ்ஞானத்தின் கடமை.

பஞ்சுத் திரி சொல்லும் உண்மை

விலையுயர்ந்த துணி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். ஈரத்தை அறிந்து சொல்லும் துணி ஒன்று வெகுகாலமாகவே உலகில் உண்டு. இரண்டு தெர்மாமீட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். ஒன்றன் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றொன்றின் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் நுனியைத் தண்ணீர்க் குவளையில் விட்டிருப்பார்கள். திரியிலுள்ள நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிர்ந்து, அளவு குறைவாகக் காட்டும். நம் நனைந்த சட்டை நம் உடம்பைக் குளிர வைப்பதும் அப்படியே. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமிருந்தால் காற்று வியர்வையை வாங்கிக்கொள்ளும் என்று பொருள். வித்தியாசம் சுருங்கச் சுருங்க, உடம்பு குளிர வழியில்லை என்று பொருள்.

ஈரத் தெர்மாமீட்டர் 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்று 2010-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளவயதினரை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் அந்த எல்லை ஏறக்குறைய 31 டிகிரியிலேயே வந்துவிடுவதாகக் கண்டார்கள். அவர்கள் செய்ததோ வீட்டு வேலை போன்ற இலேசான அசைவு. வாளி தூக்குபவருக்கும் வயதானவருக்கும் எல்லை அதனினும் கீழே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நாட்டு வானிலைத் துறையின் வெப்ப எச்சரிக்கை, தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரிக்கு மேல் போனால் முதற்படி என்று கணக்கிடுகிறது. அது உலர்ந்த தெர்மாமீட்டரின் கணக்கு. 33 டிகிரியில் புழுங்கிச் சாகும் நாள் அந்தக் கணக்கில் விழுவதில்லை. ஆகவே பிரட்டுக் களத்திலும் ஸ்டோரிலும் ஆலைக் கொட்டகையிலும் இந்த இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்க வேண்டும் என்கிறோம். கிராணிமார்களே, செக்ரோலில் பெயர் எழுதும் உங்கள் கையே காலையும் பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இரண்டு எண்களை எழுதிவைக்கட்டும். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது 'வெக்கை தாங்கவில்லை' என்று வாயால் சொல்வதைவிட, ஆறு மாத எண்களைத் தாளில் வைப்பது பலமானது. தொழிலாளிக்கும் கிராணிக்கும் பகை மூட்டி வாழ்ந்தோர் உண்டு. இந்த இரண்டு எண்கள் இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும்.

நாம் கேட்பவை

சட்டம் நமக்கு இடங்கொடுக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அச்சட்டப்படி தொழிலாளருக்குச் செய்துகொடுக்கும் எதற்கும் அவரிடம் காசு பிடிக்கக் கூடாதென்கிறது. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து நேரும் இடத்தை விட்டு விலகும் உரிமையை அது தொழிலாளருக்கு அளிக்கிறது. வேலையிடத்தில் வெப்பக் கொடுமையைச் சமாளிக்க 2016-இலேயே வழிகாட்டிக் குறிப்புகளும் வெளியாகியிருக்கின்றன. ஏட்டில் இருப்பதை நிரைக்குக் கொண்டு வருவது நம் பொறுப்பு.

ஆகவே கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வேலையுடை என்ற விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடாமல் விரிவாகப் பேச வேண்டுமென்பது நம் கோரிக்கை. உடையின் செலவு முழுதும் நிர்வாகத்தினுடையது. எந்தத் துணியானாலும் வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தொழிலாளர் போட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். பெண்களின் அளவுக்கும் வசதிக்கும் ஏற்பத் தைக்க வேண்டும். மருந்தடிப்போருக்குக் குளிர்ந்த வேளை, குறுகிய முறை, இடையிடையே ஓய்வு, வேலை முடிந்ததும் குளிக்க நீரும் இடமும் வேண்டும்.

மற்றொன்று. 'புதிய சட்டை கொடுத்துவிட்டோம், இனி நிழலும் ஓய்வும் எதற்கு?' என்ற பேச்சுக்கு ஒருகாலும் இடங்கொடுக்கக் கூடாது. சட்டை எவ்வளவு கெட்டிக்காரச் சட்டையானாலும் குடிக்கத் தண்ணீர் தராது. மேல்மூச்சு வாங்கும் மனிதனை உட்கார வைக்காது. அதேபோல் வியர்வையின் அளவைக் கணக்கெடுத்துச் சொல்லும் ஒட்டுப்பட்டைகளும் விளையாட்டு வீரரிடையே புழக்கத்துக்கு வந்துவிட்டன. நாளை அவை ஆலைக்கும் தோட்டத்துக்கும் வரலாம். அந்தக் கணக்கு தொழிலாளியின் உடம்பைக் காக்கப் பயன்படுமானால் வரவேற்போம். யார் மந்தம், யார் சுறுசுறுப்பு என்று பார்த்துச் சீட்டுக் கிழிக்கப் பயன்படுமானால் எதிர்ப்போம். அவரவர் வியர்வையின் கணக்கு அவரவர்க்கே சொந்தம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்நாட்டு ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. அவர்களுக்குச் சட்டை கொடுக்க முதலாளி இல்லை. 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சி நிலையமும், அதைத் தன்னுள் சேர்த்து 1998-இல் அமைந்த மலேசிய ரப்பர் வாரியமும் மரத்துக்கு எத்தனையோ நன்மை செய்திருக்கின்றன. அதிகப் பால் தரும் இனங்களைக் கண்டார்கள். வெட்டில் மழைநீர் இறங்காமல் மரத்துக்கு மறைப்புக் கட்டும் முறையைப் பரப்பினார்கள். மரத்துக்கு மழைக்காப்பு வந்துவிட்டது. மரத்தைச் சீவுபவருக்கு எப்போது? ரப்பர்ப் பாலில் அமெரிக்கர் மடல் செய்து காட்டியபின், அதே பாலைக் கொண்டு நம் நாட்டுக் காற்றுக்கும் நம் வேலைக்கும் பொருந்தும் உடையை நம் நிலையமே ஆராயட்டும். சோதனைக்கு ஆள் வேண்டுமானால் நாம் இருக்கிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இன்று நம்மோடு நிரையில் நிற்பவர் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததுபோல் வந்தவர்கள் அவர்கள். வியர்வைக்குக் குடியுரிமைச் சீட்டு கிடையாது. நமக்குக் கேட்கும் உடையும் நிழலும் தண்ணீரும் அவர்களுக்கும் சேர்த்தே கேட்கப்படுகின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

ஈரத்தைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் துணியை விஞ்ஞானம் தந்திருக்கிறது. தொழிலாளியின் முதுகில் ஊறும் ஈரத்தைக் கண்டு வேலை நேரத்தையும் விதியையும் திருத்திக்கொள்ள நிர்வாகங்களும் அரசாங்கமும் முன்வர வேண்டும். அதற்கான முதற்படி பெரிதன்று: இரண்டு தெர்மாமீட்டர், ஒரு பஞ்சுத் திரி, ஒரு கணக்குப் புத்தகம். அடுத்த கூட்டத்திலேயே கிளைத் தோழர்கள் இதைத் தீர்மானமாக்கி, தோட்டந்தோறும் ஆலைதோறும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.